மற்ற றொஷானிக்கு வந்த மின்னஞ்சல்கள்

றொஷானிக்கு வந்த முதல் அழைப்பு ஒரு பிறந்தநாள் விருந்துக்கானது. "சனிக்கிழமை பின்னேரம் கட்டாயம் வரோணும். சாட்டுச் சொல்லக் கூடாது. நீ வராட்டில் கேக் வெட்ட மாட்டம்" என்று சுகன்யா என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

வளாக நூலகத்தின் இரவல் மேசையில் இருந்தபடி றொஷானி அந்த வரிகளை மறுபடியும் மேலிருந்து வாசித்தாள். சுகன்யா யாரென்று நினைவுக்கு வரவில்லை. கொன்வென்டில் கூடப் படித்தவளாக இருக்குமோ, தையல் வகுப்புக்கு வந்தவளோ என்று யோசித்தாள். அலுமாரியில் மடித்துக் கிடந்த நீலச் சேலை வரைக்கும் மனம் போய் வந்துவிட்டது. அடுத்த வரியில்தான், "உன்ட புருஷனையும் இழுத்துக்கொண்டு வா" என்றிருந்தது.

றொஷானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தொன்பது வயது. திருகோணமலையில், பாலையூற்றுக் கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் தனியாக இருக்கிறாள். தகப்பன் இக்னேசியஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அவர் போய் நெடுங்காலமாகிவிட்டது. தாய் போனது மூன்று வருடங்களுக்கு முன்னர். ஒரே தம்பி பிரதீபன் பிரான்ஸில், உணவகமொன்றில் சமையல்காரன்; மனைவி ஜெனி, பிள்ளைகள் என்று அங்கேயே இருந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்த பிறகு அவன் போன் எடுப்பான். சுகமா என்பான், ஓம் என்பாள். சாப்பிட்டீங்களா என்பான், ஓம் என்பாள். அங்கே குளிரா என்று கேட்பாள். பிறகு இருவருக்கும் கதை முடிந்துவிடும்.

அந்த அழைப்பு யாருக்குரியது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில், மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய பிரதான வளாகத்தில், இன்னொரு றொஷானி இக்னேசியஸ் இருந்தார். பொருளியல் விரிவுரையாளர், கலாநிதி. கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரை மாற்றாதவர். நூலகத்து றொஷானி முதலில் வேலைக்குச் சேர்ந்ததால் வெறும் பெயர் அவளுடைய மின்னஞ்சல் முகவரியாகிவிட்டது. பின்னால் வந்த கலாநிதிக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இரண்டைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். யாராவது பெயரின் முதல் எழுத்துக்களைத் தட்டினால் திரையில் மேலே வந்து நிற்பது நூலகத்து றொஷானிதான். அவசரக்காரர்கள் அதையே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

அழைப்பை உரியவருக்கு அனுப்பி, தவறுதலாகத் தனக்கு வந்ததென்று ஒரு வரி எழுதினாள். பின்னேரம் பதில் வந்தது: நன்றி.

அவளுக்கென்று வருபவை வேறு விதம். காலையில் உலாவியைத் திறந்து, பல்கலைக்கழக இலச்சினை தெரியும் அந்தப் பக்கத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனால், எல்லோருக்கும் வந்தது அவளுக்கும் வந்திருக்கும். நாளை ஜெனரேட்டர் திருத்த வேலை. பெண்கள் விடுதிக்குத் தண்ணீர் வராது. நிதிப் பிரிவில் ஒருவருடைய மாமனார் காலமானார். அவள் அனுப்புபவையும் அப்படித்தான்: நீங்கள் இரவல் பெற்ற நூலின் தவணை முடிந்துவிட்டது. மாணவர்கள் பதில் எழுத மாட்டார்கள், புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். இடையில் யாராவது வந்து கேள்வி கேட்டுக் கொஞ்ச நேரம் போய்விட்டால், அந்தப் பக்கம் தானாகவே அவளை வெளியே தள்ளிவிடும். மறுபடியும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுப்பாள். ஒரு நாளைக்குப் பல தடவை.

மற்ற றொஷானிக்கு வருபவை கிழமைக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். கண்டிக்குச் சுற்றுலா போகலாமா என்று ஒரு கூட்டம் கேட்கும். மகள் ஷெவோனியின் பாட்டு வகுப்பு மாறியிருக்கும். மெல்போர்னில் இருக்கும் அக்கா, தாய் வீட்டை விற்கும் விஷயத்தில் பக்கம் பக்கமாகக் கோபித்திருப்பார். ஆருக்கு வந்ததென்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளத்தான் றொஷானி நினைப்பாள். கண் கீழே கீழே போய்க் கடைசி வரியில்தான் நிற்கும். அதற்குப் பிறகு உரியவருக்கு அனுப்பிவைப்பாள்.

கூட வேலை செய்யும் ஸாலிஹா கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருபவள். மூன்று பிள்ளைகள், மாமியார், ஆடுகள் என்று வீடு நிறைய ஆட்கள். அவள் ஒருநாள் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள்.

"என்ன அக்கா, இந்த மனிசிக்கு வேற வேலையில்லையா? உங்களயே தபால்காரியாக்கிட்டா."

"அவ என்ன செய்வா, ஸாலிஹா? எழுதுறவைதான் பிழை விடுகினம்."

"ஐ.டி. பிரிவு நிப்றாஸிட்டச் சொன்னா ஒரு நிமிசத்தில மாத்திக் குடுப்பாரே."

"சொல்லுவம்" என்றாள் றொஷானி. சொல்லவில்லை.

ஷெவோனிக்குக் காதில் சீழ் வடிகிறதென்று ஒருமுறை வந்தது. பிறகு கொழும்பில் ஒப்பரேஷன் என்று வந்தது. அந்தக் கிழமை றொஷானி கோயிலில் அந்தப் பிள்ளைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். முகம் தெரியாத பிள்ளை. மின்னஞ்சலை அனுப்பும்போது, "மகளுக்குச் சுகமாகட்டும்" என்று கீழே எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அழித்துவிட்டு வெறுமனே அனுப்பினாள். பதில் வந்தது: நன்றி.

பாடசாலை விடுமுறை நாளொன்றில் அந்தக் கலாநிதி பரீட்சை வேலையாகத் திருகோணமலை வளாகத்துக்கு வந்தார். மத்தியானம் போல நூலகத்துக்குள் வந்தவர், நல்ல உயரம், பருத்திச் சேலை, கையில் ஒரு பெண்பிள்ளை. மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"நீங்களா மற்ற றொஷானி? எவ்வளவு நாளா உங்களுக்குக் கரைச்சல் குடுத்துக்கொண்டிருக்கிறன்! நேரில ஒரு நன்றி சொல்லுவம் எண்டுதான் வந்தனான்."

றொஷானி எழும்பி நின்றாள். இந்த முகத்தை அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். அதில் எதுவும் சரியில்லை. பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். மெலிந்த, பெரிய கண்ணுள்ள பிள்ளை.

"ஷெவோனிக்குக் காது இப்ப நல்லமோ? தண்ணி படாமல் குளிக்கிறதோ?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. பிள்ளை தலையாட்டியது. தாயின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆளில்லை.

"ஓம், நல்லம்" என்றார் கலாநிதி. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "அப்ப அக்காவின்ட விஷயமும் உங்களுக்குத் தெரியும்."

றொஷானி மேசையில் திறந்து கிடந்த புத்தகத்தை எடுத்து மூடினாள்.

"எல்லாத்தையும் முழுக்க வாசிக்கிறனீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. குளிக்கும்போது யன்னல் திறந்திருந்ததைக் கண்ட ஒருத்தி கேட்பதுபோல இருந்தது.

"எனக்கு வந்ததெண்டு நினைச்சுத்தான் மிஸ் ஒவ்வொரு முறையும் திறக்கிறனான்."

கலாநிதி மணிக்கூட்டைப் பார்த்தார். பரீட்சைக்கு நேரமாகிறது என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கதவடியில் அந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டியது. ஸாலிஹா புத்தகம் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அடுத்த கிழமை நிப்றாஸ் போன் எடுத்தார். நல்ல மனிதர், சங்கடம் குரலிலேயே தெரிந்தது.

"மிஸ், அந்த லெக்சரர் மிஸ் இப்ப துறைத் தலைவர். வெளிநாட்டு மெயிலெல்லாம் உங்களுக்கு வந்தாச் சரிவராது பாருங்க. உங்கட முகவரிய அவங்களுக்குக் குடுத்து, உங்களுக்குப் புதுசா ஒண்டு போட்டுத் தரட்டுமா? பேருக்குப் பின்னால நூலகம் எண்டு வரும். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேணாம்."

"எனக்கு ஒண்டுமில்ல தம்பி. குடுங்கோ."

அதோடு எல்லாம் நின்றது. காலையில் உள்ளே போனால் ஜெனரேட்டரும் தண்ணீரும் மரண அறிவித்தல்களும்தான். கன்டீனுக்குப் பின்னால் நாய்க்குட்டிகள் இருக்கின்றன, வளர்க்க விரும்புவோர் தொடர்புகொள்ளவும் என்று ஒருமுறை வந்ததை அவள் இரண்டு தரம் வாசித்தாள். ஷெவோனி நீந்தப் பழகினாளா, அந்த வீட்டை விற்றார்களா, கண்டிப் பயணம் சரிவந்ததா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. கேட்க அவளுக்கு உரிமையும் இல்லை. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் துறைமுகத்துக்குள் வருவதையும் ஆட்கள் அதற்குக் கைகாட்டுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குப் போய்க் குசினியில் அரிசி அளக்கும் சுண்டில் பாதிதான் போடுவாள். அது இரண்டு வேளைக்குக் காணும்.

மழைக்காலம் தொடங்கிய கிழமை, நூலகத் தொலைபேசி அடித்தது. கலாநிதியின் குரல்.

"றொஷானி மிஸ், நான் றொஷானி கதைக்கிறன்." சொல்லிவிட்டு அவரே தடுமாறினார். "உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறன். பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"உங்கட தம்பி எழுதினது. பழைய முகவரிக்கு எழுதியிருக்கிறார், எனக்கு வந்திட்டுது. நீங்கள் பார்க்காமல் விட்டிடுவீங்களோ எண்டுதான் எடுத்தனான்." பிறகு வேகமாகச் சொன்னார்: "நான் முழுக்க வாசிச்சிட்டன். அக்கா எண்டு தொடங்கியிருந்தது. முதல் வரியில நிறுத்தியிருக்கலாம். என்னால ஏலாமப் போச்சு."

"பரவாயில்ல மிஸ்" என்றாள் றொஷானி.

"அண்டைக்கு நான் உங்களோட அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

"பரவாயில்ல."

பிரதீபனுக்கு அந்த முகவரி எங்கே கிடைத்தது என்று அவளுக்கு உடனே விளங்கியது. தாயின் மரணச் சான்றிதழைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியது அதிலிருந்துதான். உள்ளே போனாள். அவசரத்தில் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்து, மறுபடி அடித்தாள்.

அக்கா, இதைப் போனில் கேட்க வாய் வரவில்லை என்று எழுதியிருந்தான். சமையற்கட்டில் நின்று நின்று முழங்கால் போய்விட்டது, இனி அந்த வேலை ஏலாது. ஜெனியோடு சேர்ந்து வாழாமல் விட்டு வருடக்கணக்காகிவிட்டது, உங்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு கதைத்து முடித்தால் பிறகு அடுத்த ஞாயிறு வரை தமிழில் கதைக்க ஆளில்லை. உங்களுக்குக் கரைச்சல் இல்லையென்றால் நான் வீட்டுக்கு வந்து இருக்கலாமா? இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

மேலே கலாநிதி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அது வழமையான நன்றி இல்லை. "கெதியாகப் பதில் எழுதுங்கோ, அவர் காத்துக்கொண்டு இருப்பார்."

றொஷானி எழுதத் தொடங்கினாள். ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று எழுதி அழித்தாள். நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்று எழுதினாள். அதையும் அழிக்கப் போய், விட்டுவிட்டாள். அம்மாவின் அறை சும்மாதான் கிடக்கிறது, கூரையில் ஓரிடத்தில் ஒழுகுகிறது, நீ வர முன்னம் இராசையா அண்ணனைப் பிடித்து ஓடு மாற்றுவிக்கிறேன் என்று எழுதினாள். அதற்குள் ஒரு மாணவி வந்து புத்தகம் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது, அந்தப் பக்கம் அவளை வெளியே தள்ளியிருந்தது. எழுதியது போய்விட்டது.

மறுபடி உள்ளே போனாள். இந்தமுறை ஒரு சொல்தான் அடித்தாள். வா. அனுப்பிவிட்டு, ஞாயிறு வரைக்கும் காத்திராமல் மதிய இடைவேளையில் மரத்தடிக்குப் போய் அவனுக்குப் போன் எடுத்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "என்ன அக்கா, ஆருக்கும் ஏதாவதா?" என்று பயந்துபோய்க் கேட்டான். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. நான்தான்" என்றாள். அவன் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிரதீபன் பங்குனியில் வந்தான். தலை நரைத்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தவனைக் கொழும்புப் பஸ்ஸடியில் அவள் முதலில் அடையாளம் காணவில்லை. முதல் கிழமைகளில் இருவரும் ஒரு மேசையில் இருந்து பேசாமல் சாப்பிட்டார்கள். அவனுக்கு வெக்கை தாங்கவில்லை. அவளுக்கு யாரோ நடமாடும் சத்தத்தில் அடிக்கடி திடுக்கிட்டது. அவன் தன் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் கிடப்பான். அவள் கேட்க மாட்டாள். ஸாலிஹா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஊமைப் பள்ளிக்கூடமா நடத்திறீங்க?" என்று ஏசிவிட்டுப் போனாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவன் குசினியில் நின்று பாரை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கிண்டினான். அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி நீட்டினான்.

"உப்புக் காணுமா, அக்கா?"

"காணும்."

"பொய் சொல்லாதேங்கோ."

"கூடிப்போச்சு" என்றாள் றொஷானி. "நல்லாக் கூடிப்போச்சு. எத்தின வருசம் சமையல்காரனா இருந்தனீ?"

அவன் சிரித்தான். அவள் தேங்காய் துருவ இருந்தாள்.