வேட்பாளருக்குச் சுழி பார்த்த கதை

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் கரி பஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். பாடாலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்கு ஒரே ஏரி, ஏரிக்கு ஒரே மதகு, அந்த மதகும் ஓட்டை. பலகை உளுத்துப்போய், அடைத்தாலும் திறந்தாலும் தண்ணீர் ஒரே மாதிரி போகும். கடைசியில் தண்ணீர் பாய்கிற கடைமடை நிலம் என்னுடையது. கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து ஏரி காலியாகிவிடும். முந்தின வருஷம் நான் அறுத்தது பூராவும் பதர். இன்னொரு வருஷம் அப்படிப் போனால் நிலத்தைக் கைகழுவ வேண்டியதுதான்.

அப்போதுதான் ஜில்லா போர்டு எலெக்ஷன் வந்தது. போர்டில் நம் மெம்பர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் புது மதகு வந்துவிடும் என்று பேச்சு. நின்றவர்கள் செட்டிகுளத்துக்காரர் ஒருவர், சிறுவாச்சூர்க்காரர் ஒருவர். இருவரும் எங்களுக்குப் பழக்கமில்லை. "கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடக் கூடாது, நேரில் போய் ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும்" என்று ஊர்க்கூட்டத்தில் முழங்கியவன் அடியேன்தான். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் சொல்கிறானே என்று ஊரும் ஒப்புக்கொண்டது. பார்த்து வர என்னையும் மாட்டுத் தரகர் மாமாவையும் அனுப்பினார்கள். அரியலூர்ச் சந்தையில் மாமா பார்த்துக் கொடுத்த மாடு எதுவும் சோடை போனதில்லை.

வழியிலேயே மாமா சொல்லிவிட்டார். "மாப்ளே, நீ வாயத் தொறக்காத. விக்கிறவன்கிட்ட மாட்டப் பத்திக் கேட்டா பொய்தான் சொல்லுவான். மாட்டத்தான் பாக்கணும்."

"இங்க விக்கிறவரும் அவருதானே மாமா? மாடும் அவருதானே?"

"அதான் சொல்றேன். ரெண்டு மடங்கு பொய் வரும்."

எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது.

செட்டிகுளத்துக்காரர் மோர் கொடுத்து உபசரித்தார். நாங்கள் ஒரு வாய் குடிப்பதற்குள், "உங்க ஏரி மதகு ஒழுகுதாமே? பலகை போச்சா, கல்லே பேந்துடுச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் தொடையைக் கிள்ளிவிட்டு எழுந்து, அவருக்குப் பின்னால் போய்க் குனிந்து, பிடரி மயிரை விலக்கி, மாட்டுக்குப் பார்ப்பது போலச் சுழி பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் அசையாம இருங்க."

"அந்த மதகுக் கல்லு..."

"பேசுனா சுழி ஆடுதுங்க."

அடுத்து, சந்தையில் செய்வது போலவே, மூடிய குடையை அவர் முகத்துக்கு நேராகப் படாரென்று விரித்தார். மனுஷர் "ஐயய்யோ" என்று துள்ளியதில் அவர் கையிலிருந்த மோர் என் சட்டைக்கு வந்து சேர்ந்தது.

வெளியே வந்ததும் மாமா தலையை ஆட்டினார். "மிரளுது மாப்ளே. பிடரியில ரெட்டைச் சுழி வேற. நடுவழியில வண்டியக் கவுத்துடும்."

மோர் வாசனையோடு நானும் ஆமாம் போட்டேன்.

சிறுவாச்சூர்க்காரர் சாய்வு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். உச்சந்தலையில் ஒற்றைச் சுழி. குடையை விரித்தோம், இமைகூட ஆடவில்லை. வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். முதுகில் தட்டிப் பார்த்தார் மாமா. சிலிர்ப்பு இல்லை. "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார். அவரும் வாசல் கோடிவரை நடந்து, யாராவது திருப்பிவிடட்டும் என்பதுபோல அங்கேயே நின்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அசை போடறதப் பாரு மாப்ளே! என்ன சாது!"

படித்தவன் என்கிற முறையில் நான் மட்டும் மெதுவாக, "ஏரி மதகு விஷயம்..." என்று இழுத்தேன். அவர் தலையாட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி; எங்கள் ஊர் ஓட்டெல்லாம் அவருடைய பச்சைப் பெட்டியில் விழுந்து, அவரே ஜெயித்தார்.

திருச்சியில் முதல் போர்டு கூட்டம். மதகை ஞாபகப்படுத்த ஊரார் என்னை மெம்பர் கூடவே அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் கையை நீட்டுவார், நான் வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். வேறு பேச்சு வார்த்தை இல்லை. கூட்டம் ஆரம்பித்ததும் வெற்றிலைப் பெட்டியோடு ஜன்னலோரம் நின்றேன்.

தலைவர் கேட்டார், "பெரம்பலூர்ப் பக்கம் குறை ஏதாச்சும் உண்டா?"

நம் மெம்பர் எழுந்தார். அவர் தன் வாயைச் சுட்டிக் காட்டிவிட்டு வெளியே வந்தார். "மதகுங்க, ஐயா! மதகு!" என்று பின்னாலேயே ஓடினேன். தலையாட்டினார். வேப்பமரத்தடியில் துப்பினார், வாய் கொப்பளித்தார், துண்டால் துடைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

நான் வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.

கை அது பாட்டுக்குச் செய்துவிட்டது. அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"சொல்லுங்க" என்றார் தலைவர். மெம்பர் வாயைச் சுட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பெரம்பலூர்ப் பக்கம் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊர்க் குறைக்குப் போய்விட்டார்கள்.

அந்தத் தை மாதமும் என் வயலில் பதர்தான். வரப்பில் நின்று மாமா வைக்கோலை உருவி, முகர்ந்து, "மாட்டுக்கு நல்ல தீனி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் மாமா, அன்னிக்கு அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதில் சொன்னாத்தான் ஆச்சுன்னு உக்காந்திருந்தா, துப்பறதுக்கு எழுந்து போயிருப்பாருல்ல? ஆளு இன்னாருன்னு அங்கேயே தெரிஞ்சிருக்கும்ல?"

மாமா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"தப்பு நடந்துபோச்சு மாப்ளே, ஒத்துக்கறேன்" என்றார். "வாயில வெத்தலை இருந்துச்சேன்னு பல்லைப் பாக்காம விட்டுட்டேன்."