இரண்டு வருசம் அவன் பேரைத்தான் ஜெபித்தேன்

என் புருசன் பேரைச் சயாமுக்கு ஆள் அனுப்புற லிஸ்டுல எழுதினது எங்க தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கப்பிள்ளை. அவன் சாகணும்னு ரெண்டு வருசம் நான் கண்ணை மூடி உட்கார்ந்து முருகன்கிட்ட கேட்டேன். இதை உங்க முன்னாடி சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா முருகன் எனக்குப் பதில் கொடுத்ததை மறைச்சு வச்சுக்கிட்டு உங்களோட சேர்ந்து தியானத்துல உட்கார என்னால முடியலை. அதனால சொல்லிடறேன்.

என் பேர் பொன்னம்மா. பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் வெட்டினவ. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தியே நான் தியானம் பழகியிருந்தேன். டவுன்ல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தாங்க, ரயில்வேயில வேலை பார்த்தவரோட மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொம்பளைங்களைக் கூட்டி வச்சு, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருவாங்க. நாங்க டீச்சரம்மான்னு கூப்பிடுவோம். எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டுப் போச்சு. கண்ணை மூடினா நெஞ்சுக்குள்ள குளிர்ந்த தண்ணி இறங்குற மாதிரி இருக்கும். தானா அழுகை வரும். முருகன் எனக்குள்ள வந்துட்டான்னு ஒரே பெருமை.

டீச்சரம்மா மட்டும் சொல்லுவாங்க: "பொன்னம்மா, சுகம் வரேக்க வா எண்டு இருத்துறியள். துக்கம் வந்தாலும் அதே பாயில இருத்த வேணும்."

நான் தலையை ஆட்டுவேன். வயிறு நிறைஞ்சிருக்கிறப்ப எதுக்குத்தான் தலை ஆடாது!

ஜப்பான்காரன் வந்த ரெண்டாம் வருசம், தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம், காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல கிராணி ஒரு தாளைப் பிரிச்சுப் படிச்சான். சயாமுல ரயில் பாதை போடுற வேலை, மூணு மாசத்துல திரும்பிடலாம்னான். ஆறாவது பேர் மாரிமுத்து. என் வீட்டுக்காரர். அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "மூணு மாசம்தானே புள்ள"ன்னு லாரியில ஏறினார். அவ்வளவுதான் அவர் கடைசியா பேசினது.

ஆபீஸ் கூட்டுற அன்னக்கிளி ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட வந்தா. பக்கத்து லயத்து வீட்டுக்காரி, எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி.

"அக்கா, ஆறாவது பேரு கிராணியோட மச்சானுதுக்கா. அதை அடிச்சுட்டு மேல மாரிமுத்து அண்ணன் பேரை எழுதினான். என் கண்ணால பார்த்தேன். வாயைத் திறக்கப் பயமா இருந்துச்சு."

அடுத்த லிஸ்டுல அவ புருசனும் போனான்.

அந்த வருச மழைக்காலத்துல சயாமிலேர்ந்து தப்பிச்சு வந்த ஒருத்தன் தோட்டத்துக்குள்ள ஊர்ந்து வந்தான். எலும்பும் தோலுமா இருந்தான். மாரிமுத்து, அன்னக்கிளி புருசன், ரெண்டு பேரும் காலராவுல போய்ட்டாங்கன்னு சொன்னான். மூங்கிலை அடுக்கி மொத்தமா எரிச்சாங்களாம். என் வீட்டுக்காரரோட ஒரு சட்டைத் துண்டுகூட வரலை.

நான் நேரா பீடோங்குக்கு நடந்தேன். டீச்சரம்மா வாசல்ல நின்னு கத்தினேன். "உங்க வீட்டுக்காரர் உள்ள உட்கார்ந்திருக்காரு. நீங்க துக்கத்தைப் பாயில உட்கார வைப்பீங்க. என் துக்கம் உட்காருமா? அதுக்கு ரத்தம் வேணும்!"

அவங்க கோவிச்சுக்கலை. என்னைத் திண்ணையில உட்கார வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "அப்பிடியெண்டா அந்தக் கோபத்தோடயே வந்து இருங்கோ. ஒரு நாளும் விடாதேங்கோ. வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்ல, பிள்ளை."

அவங்களுக்குக் காட்டுறதுக்காகவே உட்கார்ந்தேன். தினம் விடியக்காலையில, ஜெராய் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற நேரம், சாக்கை விரிச்சு உட்காருவேன். உடுத்தியிருக்கிறதும் சாக்குதான். பசியில குடல் முறுக்கும். பழைய குளிர்ச்சி வரவே இல்லை. முருகன் என்னை விட்டுட்டுப் போய்ட்டான்னு நினைச்சேன். சரி, போறவன் இதையாவது செஞ்சுட்டுப் போகட்டும்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "கிராணியை என் கையில கொடு."

மூச்சு உள்ள போறப்ப அவன் பேர். வெளிய வர்றப்ப அவன் பேர். இதைக் கேளுங்க. முந்தியெல்லாம் முருகனை நினைச்சு உட்கார்ந்தா மனசு பத்துத் தடவை அடுப்படிக்கு ஓடும். கிராணியை நினைச்சு உட்கார்ந்தா ஒரு அசைவு இல்லை. கொசு கடிச்சாத் தெரியாது. அவன் கழுத்து, அவன் கண்ணாடி, பேனா பிடிச்ச விரல். ருசியா இருந்துச்சு. ஆமா, ருசின்னுதான் சொல்லணும். ரெண்டு வருசம் என்னை உயிரோட வச்சிருந்தது மரவள்ளிக்கிழங்கும் அந்த ருசியும்தான்.

அப்புறம் ஜப்பான்காரன் சரணடைஞ்சான். வெள்ளைக்காரன் இன்னும் வரலை. நடுவுல அந்தக் கொஞ்ச நாள் ஜப்பான்காரனை எதிர்த்து மறைஞ்சிருந்து, மலையிலேர்ந்து இறங்கி வந்த படைதான் ஊருக்கு ராஜா. ஜப்பான்காரனுக்குக் கைகொடுத்தவங்களைத் தேடித் தேடிப் பிடிச்சாங்க. ஒரு காலையில எங்க கிராணியையும் கோழிக்கூண்டுக்குப் பின்னாலயிருந்து இழுத்துட்டு வந்து, அதே பெரட்டுக் களத்துல முட்டி போட வச்சாங்க. கண்ணாடி இல்லை. கழுத்துல கயிறு.

படைத் தலைவன் சீனன். கூட இருந்த தமிழ் ஆள் கேட்டான்: "இவனால புருசன் செத்தது யாருக்கு நிச்சயமாத் தெரியும்?"

மத்த பொம்பளைங்க புருசன் வருவான்னு இன்னும் காத்துக்கிட்டிருந்தாங்க. நானும் அன்னக்கிளியும்தான் முன்னால போனோம்.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லணும். கொல்லுன்னா கொல்லுறோம்."

அன்னக்கிளி உடனே சொன்னா: "கொல்லுங்க."

என் வாயிலயும் அதே வார்த்தைதான். நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு. அந்த நிமிசம் என் நெஞ்சுக்குள்ள குளிர்ச்சி இறங்குச்சு. பழைய குளிர்ச்சி. ரெண்டு வருசமா வராதது. அதே சுகம், அதே கண்ணீர்.

நான் பதறிப் போய்ட்டேன். ஒருத்தன் கழுத்துல கயிறைப் பார்த்துட்டா இது வருது? இதையா நான் முருகன்னு கும்பிட்டேன்? அப்போ, பசியும் வெறியுமா உட்கார்ந்த அத்தனை காலையும் முருகன் இல்லைன்னு நான் முடிவு பண்ணினது எதை வச்சு? சுகம் வந்தா அவன் வந்தான், சுகம் போனா அவன் போனான்னு கணக்கு வச்சிருந்தேனே. வந்ததும் போனதும் என் நெஞ்சோட விசயம். அவன் அந்தச் சாக்குல என்னோடயே உட்கார்ந்திருந்தான். நான் கிராணி பேரைச் சொன்னப்பவும்.

கண்ணை மூடினேன். மூணு மூச்சு இருக்கும். குளிர்ச்சி ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். ரெண்டையும் விரட்டலை. ரெண்டு சொன்னதையும் கேட்கவும் இல்லை.

"கொல்ல வேண்டாம்"னேன்.

களமே திரும்பிப் பார்த்துச்சு. தமிழ் ஆள் முறைச்சான். "பயமாம்மா?"

"பயமில்லை, அண்ணே. இவன் செத்தா ஒரு நொடியில முடிஞ்சுடும். எங்க ரெண்டு பேரோட மரவள்ளித் தோட்டமும் ஆள் இல்லாம கிடக்கு. இவன் வந்து கொத்தட்டும். தினம் எங்க முகத்துல முழிக்கட்டும்."

அது மன்னிப்பு இல்லைங்க. அன்னிக்கு என்னால முடிஞ்சது அவ்வளவுதான். தலைவன் சிரிச்சுட்டு, கிராணியைத் துப்பாக்கிக் கட்டையால ரெண்டு இடி இடிச்சு விட்டுட்டான்.

அன்னக்கிளி என் கையை உதறினா. "உனக்குச் சாமி கிடைச்சுடுச்சு. எனக்கு என்ன கிடைச்சுச்சு?" ஒரு வருசம் அவ என்னோட பேசலை.

கிராணி மறுநாள் வந்தான். மண்வெட்டி பிடிக்கவே தெரியாது. மத்தியானத்துக்குள்ள உள்ளங்கை கிழிஞ்சுடுச்சு. மூணாம் நாள், நடுறதுக்கு மரவள்ளித் தண்டை ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு போடணும். அவன் வெட்டினா கணுவெல்லாம் நசுங்குது. பாராங்குக் கத்தியை அவன் கையிலேர்ந்து பிடுங்கி, "தண்டைக் கட்டை மேல வச்சுப் பிடி, நான் வெட்டுறேன்"னேன்.

பிடிச்சான். வலது கை. என் வீட்டுக்காரர் பேரை எழுதின விரல் என் பாராங்குக்கு நேர் கீழ. சுத்தி யாருமில்லை. கை தவறிடுச்சுன்னு சொன்னா நம்பாதவங்க தோட்டத்துல கிடையாது. ரெண்டு வருசம் எதைக் கேட்டேனோ அதை முருகன் அப்படியே கொடுத்துட்டான். ஒரு சொல் குறையாம.

கிராணிக்கும் புரிஞ்சுடுச்சு. கையை இழுக்கலை. "மச்சானுக்காக எழுதினேன், பொன்னம்மா. என் பெண்டாட்டி கால்ல விழுந்து அழுதா. வெட்டுறதுன்னா வெட்டு."

பாராங்கு மேலயே நின்னுச்சு. மூச்சைப் பார்த்தேன். தினம் பார்த்த அதே மூச்சுதான். ரெண்டு வருசம் நெருப்புல உட்கார்ந்து பழகின முதுகுத்தண்டு அன்னிக்கு என்னைத் தாங்குச்சு. சுகத்துல மட்டும் பழகியிருந்தா நான் அங்கயே கொலைகாரி.

இறக்கினேன். தண்டு ஒரு சாணுக்குச் சுத்தமா விழுந்துச்சு. "அடுத்ததை வை"ன்னேன். அன்னிக்கு ரெண்டு பேரும் ரெண்டு கட்டுத் தண்டு வெட்டினோம். அன்னிக்கு ராத்திரிதான், என் வீட்டுக்காரர் போனதிலேர்ந்து முதல் தடவையா, நான் அவருக்காக மட்டும் அழுதேன். அந்த அழுகையில கிராணி இல்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கிராணி கூலிம் பக்கம் வேற தோட்டத்துல வேலை வாங்கிட்டுப் போய்ட்டான். வசதியா இருக்கான், பேரன் பேத்தி எடுத்துட்டான்னு கேள்வி. கேட்ட அன்னிக்கு வயிறு எரிஞ்சுச்சு. மறைக்கலை. எரிச்சலோடயே போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எரிஞ்சுட்டு, மூச்சு தெரிய ஆரம்பிச்சுச்சு.

என்னைக் கொலைகாரி ஆகாம காப்பாத்தின முருகனுக்கு நன்றி. அந்தப் பசிக்கும் நன்றின்னு சொல்லுற அளவுக்கு நான் வளரலை, ஆனா அதைத் திட்டுறதை விட்டுட்டேன். இன்னிக்குக் குளிர்ச்சி வந்தா வரட்டும்னு இருக்கேன், வராட்டியும் எழுந்து போறதில்லை.

உங்கள்ல யாருக்காவது கண்ணை மூடினா சாமிக்குப் பதிலா எதிரி முகம்தான் வருதுன்னா, நல்ல மனசு வந்ததுக்கு அப்புறம் வர்றேன்னு தள்ளிப் போடாதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டே வாங்க, அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே வாங்க. என் பக்கத்துல பாய் விரிச்சிருக்கேன், வந்து உட்காருங்க.