தகப்பனுக்கு மூத்த மகன்

கணவர் இறந்தபின் நானும் மகளும் திண்டிவனத்தில் மிஷன் கொடுத்த ஓர் அறையில் இருந்தோம். அந்த அறையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. கிராமங்களில் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை.

யுத்தம் தொடங்கிய வருஷம், கோலியனூர்ப் பக்கம் ஒரு சேரியில் யூதா ராஜாக்களின் கதையை வாசித்தேன். பெண்கள் மல்லாட்டைக் கடலையை உடைத்துக்கொண்டே கேட்டார்கள். அவர்களில் எழுத்தறியாத ஒருத்தி நிறுத்தச் சொன்னாள்.

"அப்பன் முப்பத்திரெண்டுல பட்டத்துக்கு வந்து எட்டு வருசம் ஆண்டாருன்னீங்க. அப்ப நாப்பதுல செத்துட்டாரு. அடுத்து வந்த புள்ளைக்கு நாப்பத்திரெண்டுன்றீங்க. அது எப்பிடிம்மா?"

திரும்ப வாசித்தேன். அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

அறையில் தேடியபோது, வேதத்தின் வேறோர் இடத்தில் அதே மகனுக்கு இருபத்திரண்டு வயது என்றிருந்தது. பிரதி எடுத்தவர் கை தவறியிருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரதி எடுக்கையில் நானே ஒரு குழந்தையின் வயதை மாற்றி எழுதியிருக்கிறேன்.

போதகரிடம் சொன்னேன். கடுமையானவர் அல்ல, என் மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவர்.

"ஒரு எடத்துல பிழைன்னு சொல்லிட்டா, மத்த எடத்த யாரும்மா நம்புவாங்க?" என்றார். "பிழை இல்லாத பதிலா கண்டுபிடிங்க. முடியலன்னா இந்த வேலை உங்களுக்கு வேணாம்."

ஒரு வாரம் யூதா ராஜாக்களையும் அதற்கு வடக்கே இருந்த நாட்டின் ராஜாக்களையும் தாளில் எழுதி எழுதிக் கூட்டினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. நாற்பத்திரண்டு அவன் வயதல்ல. அவனுடைய தாயின் பாட்டன் வடக்கு நாட்டில் அரியணை ஏறிய நாளிலிருந்து எண்ணிய வருஷங்கள். இழுத்துப் பிடித்தால் கணக்கு வந்தது. போதகர் மகிழ்ந்து, எல்லா ஊரிலும் இதையே சொல்லும்படி சொன்னார்.

சேரியில் சொன்னபோது கேள்வி கேட்டவளின் கை நின்றது.

"எல்லா ராசாவுக்கும் அப்பிடித்தான் எண்ணுவாங்களா, இவருக்கு மட்டுமா?"

இவருக்கு மட்டும்தான் என்றேன். சரிங்கம்மா என்று மறுபடி உடைக்கத் தொடங்கினாள். அதன்பின் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்து அவள் பக்கம் பார்ப்பேன், குனிந்தே இருப்பாள். ஆறு வருஷம் அந்தப் பதிலை ஊர் ஊராகச் சொன்னேன்.

மகளுக்கு விழுப்புரத்தில் ஆசிரியை வேலை கிடைத்ததும் நான் விலகிக்கொண்டேன். சேரியில் கேள்வி கேட்டவளைத் தேடிப் போய், அந்த நாற்பத்திரண்டு பிரதி எடுத்தவர் கைத்தவறுதான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன்.

"எனக்கும் அப்பவே தெரியும்மா," என்றாள். "உங்க பொண்ணு படிச்சிக்கினு இருந்திச்சி. வேல போயிருந்தா நீங்க எங்க போவீங்க?"

சாலை வரைக்கும் கூடவே வந்து வண்டி ஏற்றிவிட்டாள்.