சூடு சரி, காய் ஏன் வேகுது?

ஏலக்காய் காய்கிற வாசனை வேறு, வேகிற வாசனை வேறு. முதலாவது மூக்கில் மெல்ல நடக்கும். இரண்டாவது பாயசப் பானைக்குள் தலையை விட்டாற்போல முகத்தில் அப்பும். டீக்கடையில் ஏலக்காய் போட்டுப் பால் கொதித்தால் இன்றும் எனக்கு ஆனைக்கரை செல்வராணி அக்காவின் ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கட்டடம்தான் ஞாபகம் வரும்.

நான் கொல்லங்கோட்டுக்காரன், ஏலக்காய் டிரையர்களைப் பழுதுபார்க்க மலையேறுகிறவன். அன்று நான் போனபோது, குத்தகைத் தோட்டத்தில் பறித்த முதல் காயை அக்கா தட்டுகளில் பரப்பி, டிரையரை மூட்டியிருந்தார். பச்சை மங்கினால் வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். குத்தகையும் கைவிட்டுப் போகும்.

"தெர்மாமீட்டரு அம்பதுலயே நிக்குது தம்பி. காயி மட்டும் நனஞ்ச கோழி மாதிரி கெடக்கு. உங்க மிசினுக்கு எம்மேல என்ன கோவம்?"

அண்ணாந்து பார்த்தேன். ஆவி போகும் மேல் ஜன்னலில் சாக்கு திணித்திருந்தது.

"ஏனுங்க அக்கா, இதாருங்க அடச்சது?"

"நாந்தேன். மழக் குளுருல சூடு பூராம் வெளிய ஓடுதுல்ல? வெறகு உங்க அப்பாரா குடுப்பாரு?"

தெர்மாமீட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாது. உள்ளே காற்றும் நீராவியும் ஒன்றோடொன்று முட்டி மோதி, ஓட்டத்தின் ஆற்றலைச் சராசரியில் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. லேசான நீராவி மூலக்கூறு விரைந்து ஓடும், கனமான ஆக்சிஜன் சற்று நிதானம். சராசரி ஆற்றல் ஒன்றே. கருவி காட்டுவது அதைத்தான். உள்ளே ஆவி எவ்வளவு கூடிவிட்டது என்று அது வாய் திறக்காது.

"காய உட்டுக் கெளம்புன ஆவிக்குப் போக வழியில்லீங்க. போன வேகத்துல திரும்பி வந்து காய் மேலயே ஒக்காந்துக்குது."

"அப்பிடியே எங்க வீட்டுக்காரரு!"

சாக்கை உருவினேன். ஆவி புரண்டு புரண்டு மழைக்குள் போனது. தெர்மாமீட்டர் முள்ளும் சரிந்தது.

"ஐயோ எறங்குது! எங் காயி போச்சு!" அக்கா சாக்கோடு பாய்ந்தார்.

"வெறகப் போடுங்க, ஜன்னலத் தொடாதீங்க!"

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வசவு வைத்து அடுப்பில் தள்ளினார். முள் மறுபடி ஐம்பதுக்கு ஏறியது. அதே எண்தான், ஆனால் காய் இப்போது காய்ந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, டிகிரி சரியென்று பையைக் கட்டிவிடாதீர்கள். அந்தச் சூட்டுக்குள் யார் யார் கூடியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மறுநாள் பெரும்பாலான தட்டுகள் கிளிப்பச்சையாகவே வந்தன. ஓரத்தட்டு மட்டும் வெளுத்துவிட்டது. ஜீப்பில் ஏறும்போது அக்கா ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

"பச்ச வியாபாரிக்கு, வெளுத்தது உங்களுக்கு. ஊர்ல யாராச்சும் கேட்டா எங்க காயின்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க தம்பி."