அரக்கா, பிரவுனா?

"பல்பு நல்லாத்தானே எரியுது?" என்று நான் கேட்டதுதான் தப்பு. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் பானு, பல்பைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

திருச்சி புத்தூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அதற்குப் பத்து நாள் முன்பு நான்தான் அவர் தையல் மெஷினுக்கு மேலே தொங்கும் ஷேடில் இருந்த அறுபது வாட் குண்டு பல்பைக் கழற்றி, ஒன்பது வாட் எல்.இ.டி. போட்டேன். கரண்ட் மிச்சம் என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு வந்தேன்.

அந்த வெளிச்சத்தில் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்குப் பட்டு பிளவுஸுக்கு ஓரத்தில் அதே நிறத்தில் பைப்பிங் வைத்திருக்கிறார். மறுநாள் பெண்ணின் அம்மா வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், பைப்பிங் பிரவுன்.

"நாளான்னிக்கு முகூர்த்தம். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பார்த்துக்கறோம்னுட்டாங்கண்ணே" என்றார் பானு.

நான் விடாமல் பல்புக்கு வக்காலத்து வாங்கினேன். அவர் இரண்டு துண்டுத் துணிகளை பல்புக்குக் கீழே நீட்டினார். "இதுல எது அரக்கு? சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுபோனால், ஒன்று அரக்கு, இன்னொன்று காப்பிப்பொடி.

"பன்னெண்டு வருஷமா தைக்கறேன். என் கண்ணுதான் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்." எனக்கு வெட்கமாகிவிட்டது.

கடைக்கு வந்து முதல் முறையாக பல்பு அட்டைப்பெட்டிகளைத் திருப்பிப் படித்தேன். சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான கணக்கு அது. குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட நூறு. நான் போட்டதில் அந்த எண்ணே அச்சாகவில்லை. தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்த ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி காவிரிப் பாலம் தாண்டினேன்.

ஸ்டூல் மேல் ஏறிய பிறகுதான் பார்த்தேன். ஷேடில் இருப்பது ஸ்க்ரூ ஹோல்டர். என் கையில் பின் டைப்.

பானு சிரித்துவிட்டார். "எனக்கு நிறம் தப்பாச்சு, உங்களுக்கு மரை தப்பாச்சு!"

திரும்பப் போய்ச் சரியானதைக் கொண்டுவந்து மாட்டினேன். பல்பு எரிந்ததும், துணிக் குவியலிலிருந்து இதுதான் அரக்கு என்று ஒரு துண்டை எடுத்தார். வாசலுக்கு ஓடிப் பார்த்தார். அரக்கேதான். அப்போதே பழைய பைப்பிங்கைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று மணமேடை போட்டோ ஒன்று அனுப்பினார். கீழே ஒரே வார்த்தை: "அரக்கு!" அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது யார் வந்து "ஒன்பது வாட் குடுங்க" என்றாலும், "அதுக்குக் கீழ என்ன வேலை செய்வீங்க? ஹோல்டர் பின்னா, ஸ்க்ரூவா?" என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். பல்பு எரிந்தால் மட்டும் போதாது, அரக்கு அரக்காகத் தெரிய வேண்டும்.