ஏழு நாளுக்கும் ஒரே டிக்

1. ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பாவின் காலை மாத்திரைகளைக் குறித்துவைக்க நான் எழுதிய புரோகிராமை அம்மாவின் போனிலும் என் போனிலும் வைத்தேன். ஒரு போனில் போடும் டிக் மற்றதிலும் தெரியும்.

2. திங்கள் காலை அம்மா இரண்டு மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு இரண்டு டிக் போட்டாள்.

3. செவ்வாய், புதன், வியாழன் காலைகளில் டிக் இருந்தது. மாத்திரையை யாரும் கொடுக்கவில்லை.

4. வெள்ளி காலை பல் தேய்க்கும்போது அப்பாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பே அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிருந்தது. கை கால் சரியாகிவிட்டன, ஞாபகம் சரியாகவில்லை. காலையில் மாத்திரை போட்டாரா என்று பத்து மணிக்குக் கேட்டால் தெரியாது. அம்மா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள், ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். நான் காக்கநாட்டில் ஆபீசுக்குப் போக ஏழே முக்காலுக்கு மட்டாஞ்சேரி ஸ்டாப்பில் இருக்க வேண்டும். அப்பா நாலரைக்கும் எழுவார், ஏழுக்கும் எழுவார். யார் கண்ணில் முதலில் படுகிறாரோ அவர் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் இருவருமே கொடுத்துவிட்டோம். இரண்டில் ஒன்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. அன்று மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்க வெகு நேரமாயிற்று. அதன்பிறகு தினமும் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் செய்வேன். "நீ தந்தயா, நான் தரணுமா?" என்று ஆரம்பித்து அது சண்டையில் முடியும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் புரோகிராம் எழுதினேன்.

அப்பா பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்குப் பார்த்தவர். சாக்கில் கம்பியைக் குத்தி, வருகிற மிளகை உள்ளங்கையில் தட்டி முகர்ந்து பார்ப்பார். புரோகிராமைக் காட்டியபோது சிரித்தார்.

"எல்லா சாக்கிலயும் குத்தி நோக்கினயா மோளே?"

"நோக்கினேம்ப்பா."

நான் திங்கட்கிழமையை மட்டும்தான் சோதித்திருந்தேன்.

புதன்கிழமை நான் செருப்பு மாட்டும்போது அவர் வாசலுக்கு வந்தார்.

"இன்னைக்கு எனக்குக் குளிகை தரலையே மோளே."

"அம்மா தந்தாச்சுப்பா. இதோ நோக்குங்க, ரெண்டு டிக்."

போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சரிதான். என்னைவிட இதுக்கு ஓர்மை உண்டு" என்று திருப்பித் தந்தார். வியாழக்கிழமை அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது, "மருந்து முடங்கியோ?" என்றுதான், நடுவில் விட்டுப்போயிற்றா என்று. இல்லை என்று சொல்லி, போனையும் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாத்திரைப் பட்டைகளைப் பைக்குள் வைக்கும்போது எண்ணினேன். இரண்டு பட்டையிலும் மும்மூன்று கூடுதலாக இருந்தன. இன்னொரு முறை எண்ணினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, வாரம் முழுவதையும் திரையில் வரவழைத்தேன். ஏழு வரிகள். ஏழிலும் டிக். இன்னும் வராத சனிக்கிழமையிலும்.

ஒரு நாளுக்கு இரண்டு காலிக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியல். அதை ஏழால் பெருக்கினால் ஒரு வாரம். அப்படித்தான் நினைத்து எழுதியிருந்தேன். நான் எழுதிய பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அப்படிப் பெருக்கினால் ஏழு பட்டியல்கள் உண்டாவதில்லை. உள்ளே இருப்பது ஒரே பட்டியல், ஏழு இடங்களிலிருந்தும் அதையே காட்டும். திங்களில் போட்ட டிக் எல்லா நாளிலும் விழும். இது கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் சரியாக விடை எழுதியிருக்கிறேன். புரோகிராம் அந்தந்த நாளை மட்டும் காட்டும்படி செய்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை டிக்கைப் பார்த்து நான் கொடுத்துவிட்டேன் என்று அம்மா நினைத்தாள். அதையே பார்த்து அம்மா கொடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். திருத்த வேண்டியிருந்தது ஒரே வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னேன். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அதனால்தான் மறுபடி பக்கவாதம் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அம்மாவிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவள் என் போனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அவர் சொல்லலையா உன்னிட்ட, தரலைன்னு?"

"சொன்னார்."

அவள் உடுப்புப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். பிடித்து உட்காரவைத்தால் உட்காருவார். வலது கை எழுவதில்லை. பேச்சு நாலைந்து வார்த்தைதான். புரோகிராம் சரியாக வேலை செய்கிறது, யாரும் அதைத் திறப்பதில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். கொடுத்தால் அப்பா வாய் திறக்கிறார். கொடுக்கத் தாமதமானால் கேட்பதில்லை. புதன்கிழமை அவர் சொன்னதுதான் சரி என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.