முந்திரித் தோப்பில் ஒளிந்திருந்த சோழப் படை

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் மகள் வயிற்றுப் பேரன் கதிரேசனோடு அரும்பாவூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை. அவன் எழுதும் போர்க்கதையில் பத்தாம் அத்தியாயம் நிற்குமா விழுமா என்று பார்க்கப் போனோம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராகத் திரும்பியவன். இப்போது என் வீட்டில் உட்கார்ந்து சோழர் காலத்துப் போர்க்கதை ஒன்றை எழுதி முடித்திருக்கிறான். புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கதை படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு உதவுமே என்று நேரம், செலவெல்லாம் குறித்து வைத்தேன்.

அவன் எழுதும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தான் செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டான். ஒரு வீரன் கிணற்றுக்குள் மூச்சடக்கி ஒளிவதை எழுத, இவனே எங்கள் கிணற்றில் முங்கினான். மேலே நின்று எண்ணுவது என் வேலை. எழுபத்து மூன்று வந்தபோது எனக்குத்தான் மூச்சு நின்றது. ஆனால் கதையில் ஐம்பது என்று போட்டிருந்தான். ஏன்டா என்றால், “அவன் பயத்துல இருக்கான் அம்மாயி. பயந்தவனுக்கு மூச்சு சீக்கிரம் தீந்துடும்” என்றான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

காலை 5.40க்கு அரும்பாவூரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 6.45க்குப் பெரம்பலூர், ஆளுக்கொரு டீ, இரண்டுக்கும் 24 ரூபாய். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தலை நரைத்துவிடும், எனக்குக் கவலையில்லை. பஸ் மாறி உடையார்பாளையத்தில் இறங்கும்போது மணி 9.20.

இங்கிருந்து சோழபுரம் வரை பதினேழு கிலோமீட்டர். இருபது கிலோ நெல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கதிரேசன் நடக்க ஆரம்பித்தான். கதையில் பன்னிரண்டு வீரர்கள் இதே வழியில் நடந்து, முந்திரித் தோப்பில் படுத்திருந்து எதிரியின் காவல்காரர்களை மடக்குகிறார்கள். அப்போது அவர்கள் எவ்வளவு களைத்திருப்பார்கள் என்று இவனுக்குத் தெரியவேண்டும். நான் பின்னால் ஆட்டோவில். நாள் வாடகை 700 ரூபாய்.

“பாட்டி, அவரு என்ன நேர்த்திக்கடனா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கதை எழுதுறான்ங்க.”

“கதை எழுத எதுக்கு மூட்ட? பேனா போதாதா?”

பதினொன்றரைக்கு ஒரு முந்திரித் தோப்போரம் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைப் பிரித்தால், அதில் கிடந்த மிளகாயை எல்லாம் பொறுக்கி எடுக்கிறான்.

“மொளகா எதுக்குப் போட்ட அம்மாயி? சோழர் காலத்துல ஏது மொளகா? அதெல்லாம் பின்னால கப்பல்ல வந்தது. அவங்க மிளகுதான் தின்னுருப்பாங்க.”

சாலையோரம் முந்திரிப் பருப்பு விற்றுக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். “மொளகா கப்பல்ல வந்துச்சு, சரிங்க. அப்ப இந்த முந்திரி மட்டும் சோழரு நட்டதா? இதுவும் பறங்கிக்காரன் கொண்டாந்ததுதான். எம் மவ பாடத்துல இருக்கு.”

கதிரேசன் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் ஆறு பேர் அந்த அத்தியாயத்தைப் படித்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அவன் பிறந்ததே உடையார்பாளையம் பக்கம், தொட்டில் கட்டியதும் முந்திரிக் கிளையில். வானம் மாதிரி அது எப்போதும் இருந்தது என்றே நினைத்துவிட்டான். மிளகாயைப் பார்த்தவன் மரத்தைப் பார்க்கவில்லை.

பதிப்பகத்தாருக்குப் போன் போட்டான். “யாரு தம்பி மரத்தப் பாக்கப் போறா? விட்டுருங்க. மாத்தணும்னா புதன் சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லன்னா இந்தப் புத்தகக் காட்சிக்கு உங்க புத்தகம் இல்ல” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. விட்டுடு சாமி என்றேன்.

“தோப்பு பொய்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா, அதுக்குள்ள படுத்திருக்க பன்னண்டு பேரும் பொய்யாயிடுவாங்க அம்மாயி.”

மிச்சச் சோற்றை மூடி வைத்தேன்.

எழுந்து சுற்றிப் பார்த்தான். “சோழர் காலத்துல முந்திரி கெடையாது. சீமைக்கருவேல் கெடையாது. தைலமரம் கெடையாது. மிச்சம் என்ன இருக்கு?”

“பனமரமும் நானுந்தான் சார்” என்றார் ஆட்டோக்காரர்.

வெயிலில் ஒன்றரை மணி நேரம் அலைந்து, செம்மண்ணை மழை அறுத்த ஓடை ஒன்றைக் கண்டுபிடித்தான். இடுப்பளவு ஆழம், கரையில் ஆவாரையும் ஈச்சம் புதரும். “நீதான் எதிரியோட காவக்காரன். இந்தப் பனையிலேர்ந்து அந்தப் பனை வரைக்கும் நட. என்னப் பாத்ததும் கத்து” என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது, பஸ் நம்பர் தெருமுனையிலேயே தெரியும். ஒவ்வொரு புதராகப் பார்த்தேன். பாதி தூரம் போயும் ஆளைக் காணோம். எனக்கே பயம் வந்துவிட்டது. அப்போது முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில்:

“அம்மாயி, நீ செத்து நாலு நிமிஷம் ஆவுது.”

“எடு வெளக்கமாத்த!” என்று திரும்பினால், தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக நிற்கிறான். அத்தனை பல்லும் தெரிகிறது.

ஆட்டோக்காரரை வைத்து இன்னும் மூன்று முறை செய்து பார்த்தான். ஒரு தடவை பிடிபட்டான், அதையும் குறித்துக்கொண்டான். பிறகு மூட்டையை ஆட்டோவில் போட்டு, ஐந்து மணிக்குக் கோயில் வந்து சேர்ந்தோம். சாயங்கால வெயிலில் அந்தக் கோபுரம் பொன் மாதிரி இருந்தது. அவன் ஏறிட்டும் பார்க்காமல் புல்தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

போகிறவர்களுக்கு: கோயில் மதியம் சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. ஓடைக்கரையில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், முள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும்.

செவ்வாய் மதியமே அத்தியாயத்தை அனுப்பிவிட்டான். நாற்பது பக்கம் இருந்தது இப்போது இருபத்தாறு. தோப்பு போய் ஓடை வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே ஒரு காவல்காரன் சாகிறான். தூரத்துப் புதரையெல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டு, காலடியில் இருக்கும் ஓடையைப் பார்க்காமல் போகிற ஆள். படிக்கும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள், அது நான்தான்.